சர்க்கரை தெம்புக்கு அல்ல

வயிற்றுப்போக்கு கண்டவருக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் (ஓ.ஆர்.எஸ்.) சர்க்கரை எதற்கு என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஆள் துவண்டு கிடக்கிறார், தெம்பு வேண்டாமா?" நான் உயிரியல் நடத்தும் பதினோராம் வகுப்பிலும் இந்தப் பதில்தான் வருகிறது, பெற்றோர் கூட்டத்திலும் இதுதான் வருகிறது. ஒரு லிட்டர் கரைசலில் இருக்கும் குளுக்கோஸ் 13.5 கிராம். அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஐம்பது கலோரியை ஒட்டியது. ஓர் இட்லியில் கிடைப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்து முடித்து ஓர் இட்லியின் தெம்பைப் பெறுவதற்காக எவரும் இப்படியொரு கரைசலைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். சர்க்கரை அங்கே உணவாக இல்லை. உப்பைக் குடல் செல்லுக்குள் கூட்டிச் செல்லவே இருக்கிறது. உப்பு உள்ளே போனால் தண்ணீர் தானாகப் பின்தொடரும். இது விளங்க வேண்டுமானால், ஒரு செல் தன் எல்லையில் எதை விடுகிறது, எதைத் தடுக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பாலானது. அதன் தடிமன் சுமார் 5 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. நெதர்லாந்தின் லைடன் நகரில் எவர்ட் கோர்ட்டரும் ஃபிரான்சுவா கிரெண்டலும் 1925இல் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து, தண்ணீர்ப் பரப்பில் ஒற்றைப் படலமாகப் பரப்பி அளந்தார்கள். அந்த அணுக்களின் மொத்த மேற்பரப்பைப் போல இரண்டு மடங்குக்குக் கொழுப்பு பரவியது. ஆகவே சவ்வு இரட்டை அடுக்காக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அவர்கள் கொழுப்பு முழுவதையும் பிரித்தெடுக்கவில்லை, அணுவின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள் என்பது பின்னாளில் தெரியவந்தது. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டதால் விடை மட்டும் சரியாக அமைந்துவிட்டது. அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தற்செயல்களில் இது ஒன்று.

இந்தக் கொழுப்பு அடுக்கை ஆக்சிஜனும் கரியமில வாயுவும் ஆல்கஹாலும் எந்த உதவியும் இல்லாமல் கடந்துவிடும். உப்பிலிருந்து பிரியும் சோடியம் அயனியால் அது முடியாது. அளவில் அது மிகச் சிறியதுதான். ஆனால் மின்னூட்டம் உள்ளதால் தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து ஒட்டியிருக்கின்றன, அவற்றை உதறிவிட்டு எண்ணெய்ப் பகுதிக்குள் நுழைய அதனிடம் ஆற்றல் இல்லை. குளுக்கோஸுக்கு மின்னூட்டம் இல்லை என்றாலும், அதுவும் தண்ணீரோடு கைகோத்தே இருப்பது. எனவே இவ்விரண்டுக்கும் சவ்வில் பதிந்திருக்கும் புரதங்களே வழி. தண்ணீர்கூட வேகமாகக் கடக்க வேண்டிய இடங்களில் அதற்கென்று தனிக் குழாய்ப் புரதம் இருக்கிறது. பீட்டர் அக்ரேயின் குழு 1992இல் அந்தப் புரதத்தைத் தவளையின் முட்டைச் செல்களில் உருவாகச் செய்து, அவற்றை உப்புச் செறிவு குறைந்த நீரில் இட்டது. மற்ற முட்டைகள் ஏதும் நடக்காததுபோல் கிடக்க, புரதம் பெற்ற முட்டைகள் மட்டும் சில நிமிடங்களில் வீங்கி வெடித்தன. அக்வாபோரின் எனப் பெயர் பெற்ற அந்தக் குழாய் ஒவ்வொன்றின் வழியாகவும் விநாடிக்குச் சுமார் 300 கோடித் தண்ணீர் மூலக்கூறுகள் செல்லக்கூடும். இதற்காக 2003ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் அக்ரேக்குப் பங்கு கிடைத்தது.

ஆனால் அக்வாபோரின் வெறும் வழி மட்டுமே. தண்ணீரை இந்தப் பக்கம் இழு, அந்தப் பக்கம் தள்ளு என்று அதனால் முடிவெடுக்க முடியாது. நம் உடலில் தண்ணீரையே நேரடியாக இறைக்கும் பம்பு என்று ஒன்று எங்கும் இல்லை. சிறுநீரகமானாலும் குடலானாலும் வியர்வைச் சுரப்பியானாலும், உடல் செய்வது ஒன்றே: கரைந்திருக்கும் பொருளை நகர்த்துவது. எந்தப் பக்கம் கரைபொருள் மிகுகிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் சவ்வூடு பரவலால் போய்ச் சேரும். தாகத்தோடு கிடப்பவரின் குடலில் தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது என்பதற்குக் காரணமும் இதுதான்.

உப்பை நகர்த்தும் இயந்திரம் எது? டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ 1957இல் நண்டின் நரம்புகளை ஆராய்ந்து கண்டறிந்த சோடியம்-பொட்டாசியம் பம்பு அது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்புகளுக்கே போகிறது. இதன் விளைவாகச் செல்லுக்கு வெளியே சோடியத்தின் செறிவு உள்ளே இருப்பதைப் போல் பத்து மடங்குக்கும் மேல். போதாததற்கு உட்புறம் எதிர்மின் தன்மையோடும் இருக்கிறது. ஏற்றம் இறைத்து மேட்டில் தேக்கிய தண்ணீர் பள்ளத்தை நோக்கிக் காத்திருப்பதைப் போல, வெளியே நிற்கும் சோடியம் ஒரு மதகு திறந்தால் போதும் என்று உள்ளே பாயக் காத்திருக்கிறது. அந்தப் பாய்ச்சலில் இருக்கும் ஆற்றலைக் கொண்டு வேறொரு பொருளையும் சேர்த்து இழுத்துக்கொள்ள முடியும் என்பதை 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த கருத்தரங்கில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் முன்வைத்தார். சிறுகுடல் செல் குளுக்கோஸை எடுத்துக்கொள்ளச் சோடியம் கட்டாயம், ஏனெனில் இரண்டும் ஒரே கடத்தியில் ஒன்றாக ஏறுகின்றன என்பது அவர் கருதுகோள். அந்தக் கடத்தியின் மரபணுவை எர்னஸ்ட் ரைட்டின் குழு 1987இல் பிரித்தெடுத்தது. இன்று அதன் பெயர் எஸ்ஜிஎல்டி1.

இந்தப் புரதத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். சிறுகுடலின் உட்புறத்தை நோக்கிய சவ்வில், அதை 14 முறை ஊடுருவி வளைந்து நிற்கும் ஓர் அமினோ அமிலச் சங்கிலி இது. முதலில் குடல் பக்கம் திறந்திருக்கிறது. இரண்டு சோடியம் அயனிகள் வந்து தத்தம் இடத்தில் அமர்கின்றன. அவை அமர்ந்த பிறகே குளுக்கோஸுக்கான குழி சரியான வடிவம் பெறுகிறது. சோடியம் இல்லாமல் குளுக்கோஸ் வந்து முட்டினால் பயன் இல்லை. குளுக்கோஸ் அமர்ந்ததும் குடல் பக்கத்து வாய் மூடுகிறது. ஒரு கணம் இரு பக்கமும் மூடியே இருக்கும். பிறகு செல்லின் உட்பக்கம் திறக்கிறது. உள்ளே சோடியம் குறைவாக இருப்பதால் அயனிகள் நழுவி விழுகின்றன, குளுக்கோஸும் விடுபடுகிறது. வெறும் கடத்தி மறுபடி குடலை நோக்கித் திரும்புகிறது. இரு வாய்களும் ஒரே நேரத்தில் திறப்பதே இல்லை. திறந்தால் அது கடத்தியாக இராது, ஓட்டையாகிவிடும். அக்வாபோரினின் கோடிக்கணக்கான வேகத்தோடு ஒப்பிட்டால் இது மிக மெதுவானது, விநாடிக்குப் பத்துக்கணக்கில்தான் சுழலும். ஆனால் குடலுறிஞ்சிகளும் அவற்றின் செல்கள் மேல் நிற்கும் நுண் விரல்களும் சேர்ந்து குடலின் பரப்பைப் பெருக்கியிருப்பதால், அந்த மெதுவான கடத்திகளே லிட்டர் கணக்கில் வேலையை முடித்துவிடுகின்றன.

உள்ளே வந்த சோடியம் செல்லுக்குள் தங்குவதில்லை. இரத்தத்தை நோக்கிய மறுபக்கச் சவ்வில் ஸ்கூவின் பம்பு காத்திருந்து அதை வெளியே தள்ளுகிறது. குளுக்கோஸ் அதே பக்கத்தில் வேறொரு கடத்தி வழியே இறங்கிவிடுகிறது. இதனால் செல்களுக்கு இடையேயுள்ள ஒடுக்கமான சந்துகளில் உப்பு சேர்கிறது. அந்த உப்பை நாடிக் குடலிலிருக்கும் தண்ணீர், செல்கள் வழியாகவும் செல்களின் இடைவெளி வழியாகவும் நகர்ந்து வந்து இரத்தத்தை அடைகிறது.

ஒரு நாளில் நம் குடலுக்குள் வரும் நீர் எட்டு, ஒன்பது லிட்டர் இருக்கும். நாம் குடிப்பதும் உண்பதும் அதில் இரண்டு லிட்டர்தான். மீதி உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடல் நீர் என்று உடலே சுரப்பது. இவ்வளவிலும் மலத்தோடு வெளியேறுவது ஒரு டம்ளர் அளவுக்குள் அடங்கிவிடும். இந்தக் கணக்கில் வரவு சற்றுக் குறைந்து செலவு சற்றுக் கூடினாலே வயிற்றுப்போக்கு. காலராவில் அது சற்று அல்ல. கடுமையான நிலையில் மணிக்கு ஒரு லிட்டர்வரை போகும். அரிசி களைந்த நீர் போல வெளிறி, வாடையும் அதிகமின்றி, ஓயாமல் போய்க்கொண்டே இருக்கும்.

அந்த நிலையில் குடல் அரிக்கப்பட்டோ புண்ணாகியோ இருக்கும் என்றுதான் மருத்துவர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். கொல்கத்தாவில் சம்பு நாத் டே, கிருமிகளை வடிகட்டி நீக்கிய வெறும் வளர்ப்பு நீரே முயலின் குடலில் நீரைக் கொட்டச் செய்கிறது என்று 1959இல் காட்டினார். அதாவது குற்றவாளி கிருமி சுரக்கும் ஒரு நச்சு. இதற்கு உரிய மரியாதை அவருக்கு அவர் காலத்தில் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரைப் பரிந்துரைத்தும் அந்தப் பரிசு அவருக்கு வரவில்லை.

அந்த நச்சு செல்லுக்குள் நுழையும் விதம் ஒரு தனிக் கதை. ஐந்து துண்டுகளாலான அதன் அடிப்பாகம் செல் சவ்விலுள்ள ஜிஎம்1 என்ற கொழுப்பைப் பற்றிக்கொள்கிறது. செல் தன் வழக்கப்படி சவ்வை உள்ளே மடித்து ஒரு பையாக எடுத்துக்கொள்ளும்போது நச்சும் உடன் போகிறது. புரதங்களை உருவாக்கி வெளியே அனுப்பும் பாதையில் அது எதிர்த்திசையில் பயணம் செய்து, 'சரியாக மடியாத பழுதுப் புரதம்' போல நடித்து, செல்லின் நடுவே எறியப்படுகிறது. அங்கே செல்லுக்குள் செய்தி கடத்தும் ஒரு ஜி புரதத்தை எப்போதும் இயங்கும் நிலையில் பூட்டிவிடுகிறது. சைக்கிளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு பெருகுகிறது. சிஎஃப்டிஆர் என்ற குளோரைடு வாயில் திறந்தபடியே நிற்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியம் தொடர, தண்ணீர் தொடர்கிறது. உப்பை உள்ளே எடுக்கும் வழக்கமான வழிகளில் ஒன்றும் அதே சைக்கிளிக் ஏஎம்பியால் அடைபடுகிறது.

ஆனால் எஸ்ஜிஎல்டி1 மட்டும் அடைபடுவதில்லை. அந்த நச்சின் கை அதற்கு எட்டவில்லை. வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் நோயாளிக்குப் பயன் இல்லை, வெறும் தண்ணீரும் அப்படியே. உப்போடு குளுக்கோஸ் சேர்ந்தால் மட்டும் குடல் அதை எடுத்துக்கொள்கிறது. செலவு வாயில் திறந்தே இருக்க, வரவு வாயிலை இன்னும் அகலத் திறந்து கணக்கைச் சரிக்கட்டும் வைத்தியம் இது. இதனால் போக்கு உடனே நின்றுவிடாது. கரைசல் கொடுத்தும் நிற்கவில்லையே என்று பல தாய்மார்கள் அதைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். குடல் செல்கள் சில நாள்களில் உதிர்ந்து புதியவை வந்துவிடும். நச்சு பூட்டிய செல்களும் அப்படியே கழிந்துபோகும். அதுவரை ஆள் வற்றிவிடாமல் காப்பதே கரைசலின் வேலை.

உப்பு நீரை நரம்பில் ஏற்றிக் காலராவைச் சமாளிக்கலாம் என்பதை ஸ்காட்லாந்தின் தாமஸ் லட்டா 1832லேயே செய்து காட்டியிருந்தார். வாய்வழிக் கரைசலைக் கொல்கத்தாவில் ஹேமேந்திர நாத் சட்டர்ஜி 186 பேருக்குக் கொடுத்து 1953இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். அவர் வாந்திக்கு மருந்தும், போக்குக்கு நம் வீட்டு முற்றத்தில் வளரும் கற்பூரவல்லியின் இலைச்சாறும் கூடவே கொடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு நோயாளிக் குழு இல்லை, ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கமும் அப்போது இல்லை. மருத்துவ உலகம் கண்டுகொள்ளவில்லை. கிரேனின் விளக்கம் வந்த பிறகும் எட்டு ஆண்டுகள் கழித்தே, டாக்காவில் டேவிட் நளினும் ரிச்சர்ட் கேஷும், போகும் அளவைப் பார்த்து அதற்கு ஈடாகக் குடிக்கக் கொடுத்தால் நரம்பில் ஏற்றும் திரவத்தின் தேவை 80 சதவீதம் குறைகிறது என்று முறையாக நிறுவினார்கள்.

அப்போதும் அது பயிற்சி பெற்றவர்கள் மருத்துவமனையில் வைத்துச் செய்ய வேண்டிய காரியமாகவே கருதப்பட்டது. அந்த எண்ணத்தை உடைத்தது 1971. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள் மேற்கு வங்க எல்லையிலுள்ள பன்காவ் முகாம்களில் நெருக்கியடித்துக் கிடந்தபோது காலரா பரவியது. அங்கிருந்த சிறு மருத்துவமனையில் கட்டில் போதாமல் நோயாளிகள் தரையிலேயே கிடந்தார்கள். மலமும் வாந்தியும் பரவிக் கிடந்த தரையில் மண்டியிட்டுத்தான் அவர்களுக்கு ஊசி போட வேண்டியிருந்தது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹலநபிஸ் என்ற மருத்துவர், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சமையலுப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா என்று நிறுத்துக் கொல்கத்தாவில் பாலித்தீன் பைகளில் அடைக்கச் செய்து, முகாமில் டிரம்களில் கரைத்து வைத்தார். குழாயைத் திறந்து குவளையில் பிடித்து ஊட்டியவர்கள் நோயாளிகளின் உறவினர்கள். ஒரு லிட்டருக்கு ஆன மூலப்பொருள் செலவு 11 பைசா. முப்பது சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு, அவர் பொறுப்பில் இருந்த இடத்தில் 3.6 சதவீதமாகக் குறைந்தது. இதைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை ஏற்றுப் பதிப்பிக்கவே முதலில் தயக்கம் இருந்தது, 1973இல்தான் அச்சானது. சோடியமும் குளுக்கோஸும் குடலில் இணைந்து செல்கின்றன என்ற கண்டுபிடிப்பு இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று 1978இல் லான்செட் தலையங்கம் எழுதியது. மஹலநபிஸுக்கு நம் அரசு பத்ம விபூஷண் அறிவித்தது 2023இல், அவர் மறைந்து சில மாதங்கள் கழிந்த பிறகு.

பிறகு வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்து ஆண்டுகள் வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பிக் கற்றுக்கொடுத்தது, பொட்டலமே தேவைப்படாத முறையை: அரைச் சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர், மூன்று விரல்களால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம். பின்னர் வந்து விசாரிக்கும்போது தாய்மார்கள் எவ்வளவு சரியாகச் சொல்கிறார்களோ அதைப் பொறுத்தே ஊழியருக்கு ஊதியம். நான் அறிந்த கற்பித்தல் முறைகளில் இவ்வளவு நேர்மையான மதிப்பீட்டை வேறெங்கும் காணவில்லை. சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு அந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது.

சர்க்கரையின் வேலை தெம்பு தருவது என்று நினைப்பவர் அடுத்துச் செய்யும் காரியம் இன்னும் ஒரு கரண்டி போடுவது. அங்கேதான் ஆபத்து. கடத்திகள் எடுத்துக்கொள்ளும் அளவைத் தாண்டிய சர்க்கரை குடலிலேயே நின்று, உடலிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும், வற்றுவது கூடும். 1960களின் தொடக்கத்தில் மணிலாவில் செறிவு மிகுந்த கரைசலைக் கொடுத்துப் பார்த்த முயற்சி உயிரிழப்பில் முடிந்ததும் இந்த வகைச் சிக்கல்தான். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய கரைசலில் கரைபொருள் செறிவு 311 அலகு. இரத்தத்தின் செறிவு ஏறத்தாழ 290. 2002இல் கரைசலின் செறிவை 245க்குக் குறைத்தார்கள்: சோடியம் 75, குளுக்கோஸ் 75, சமத்துக்குச் சமம். கடத்தி இரண்டுக்கு ஒன்று என்று கேட்கிறதே என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. இரத்தத்திலிருந்தும் சோடியம் குடலுக்குள் கசிந்து வந்துகொண்டேயிருப்பதால், குடலுக்குள் இருக்கும் உப்பு நாம் குடித்த உப்பு மட்டும் அல்ல. புதிய கரைசலால் குழந்தைகளுக்குச் சிகிச்சையின் நடுவே டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

கோலா வகைப் பானங்களிலும் பெட்டிப் பழச்சாறுகளிலும் செறிவு 600ஐத் தாண்டும், சோடியமோ மிகச் சொற்பம். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் போதாது. வழக்கமான நாளுக்கு நல்லது, கடும் போக்குக்கு அது மட்டும் தாங்காது. மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். கேட்டால் வண்ணப் பெட்டியில் இனிப்புப் பானத்தை எடுத்து நீட்டிய காலம் ஒன்று இருந்தது. நிர்ணயித்த அளவுகளுக்கு உட்படாத பானங்களின் பெயரில் அந்த மூன்றெழுத்து இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. மாறாக, நம் வீடுகளில் உப்புப் போட்டுக் கொடுக்கும் அரிசிக் கஞ்சி இந்தக் கணக்கில் நன்றாகவே தேறுகிறது. மாவுச்சத்து பெரிய மூலக்கூறு என்பதால் செறிவை அதிகம் ஏற்றாது. சவ்வின் வாசலில் நொதிகளால் உடைபட்டுக் குளுக்கோஸ் மெல்ல மெல்லக் கிடைக்கும். அரிசி மாவில் செய்த கரைசல் காலராவில் போக்கின் அளவையே குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உப்பைத் தவிர்த்துவிட்டு வெறும் கஞ்சி கொடுத்தால் இந்தப் பயன் இல்லை.

சர்க்கரை நோயாளிகள் இந்தக் கரைசலைக் குடிக்கலாமா என்ற கேள்வி இப்போது வேறொரு விதத்தில் சுவையாகியிருக்கிறது. எஸ்ஜிஎல்டி1க்கு எஸ்ஜிஎல்டி2 என்று ஓர் உடன்பிறப்பு சிறுநீரகத்தில் இருக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 கிராம் குளுக்கோஸ் சிறுநீரகத்தில் வடிகட்டப்பட, அதில் 90 சதவீதத்தை அதே சோடியம் உத்தியால் திரும்ப இழுத்து இரத்தத்தில் சேர்ப்பது அதுதான். ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுத்த ஃபுளோரிசின் என்ற பொருள் இக்கடத்திகளை அடைக்கும் என்று தெரிந்து, அதன் வழியில் உருவானவையே டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள். இரத்தத்தில் மிகுந்த சர்க்கரையைச் சிறுநீரிலேயே வெளியேற்றிவிடுகின்றன. காப்புரிமை முடிந்து விலை இறங்கியதும் நம் ஊர்களில் ஏராளமானோர் இவற்றை எடுத்துக்கொள்கிறார்கள். வெளியேறும் சர்க்கரை தன்னோடு தண்ணீரையும் கொண்டுபோகும் என்பதால், வாந்தியும் போக்கும் கண்ட நாள்களில் இம்மாத்திரையை இடைநிறுத்தச் சொல்வது மருத்துவர்களின் வழக்கம். உடலில் கீட்டோன் அமிலம் கூடிவிடும் அபாயமும் அதற்கு ஒரு காரணம். இந்த மாத்திரைகள் எஸ்ஜிஎல்டி2ஐக் குறிவைத்துச் செய்யப்பட்டவை. குடலிலுள்ள எஸ்ஜிஎல்டி1ஐப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஆகவே அந்த மாத்திரை சாப்பிடுபவரின் குடலிலும் கரைசல் வழக்கம்போல் வேலை செய்யும். லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸுக்கு அஞ்சி அதைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. மாத்திரையை எப்போது மறுபடி தொடங்குவது என்பதை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.